பார்மஸி என்ற பலகை

நமது நகரங்களில் எந்தக் கடைவீதியில் நடந்து சென்றாலும் 'பார்மஸி' என்ற பலகை கண்ணில் படாமல் போகாது. அச்சொல்லைத் தமது கடைக்குச் சூட்டிக்கொள்ளும் வியாபாரிகளுள் எத்தனை பேர் அதற்குச் சட்டம் விதித்திருக்கும் நிபந்தனையை அறிவார்கள் என்பது சந்தேகமே. 1940ஆம் வருஷத்து மருந்துச் சட்டத்தின் கீழ் 1945இல் ஏற்பட்ட விதிகளில் 65ஆவது விதி இதைத் தெளிவாகக் கூறுகிறது. பதிவு பெற்ற மருந்தாளுநரை வைத்துக்கொண்டிருந்தும், வைத்தியர் சீட்டுப்படி மருந்தைக் கலந்து கொடுக்கும் வசதி இல்லாத கடை 'கெமிஸ்ட்ஸ் அண்ட் டிரக்கிஸ்ட்ஸ்' என்று மட்டுமே போட்டுக்கொள்ளலாம். கலந்து கொடுக்கும் வசதியும் இருந்தால்தான் 'பார்மஸி' என்ற பெயருக்கு உரிமை உண்டு. அத்தகைய இடத்தில் தராசு, அளவுக் கண்ணாடி, கல்வம் முதலாக என்னென்ன சாதனங்கள் இருக்கவேண்டுமென்று அவ்விதிகளின் 'என்' அட்டவணை ஒரு ஜாபிதாவே கொடுத்திருக்கிறது. பலகை மாட்டிய கடைகளில் நுழைந்து கல்வத்தைக் காட்டும்படி கேட்டால் என்ன பதில் கிடைக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

முற்காலத்தில் நிலைமை இவ்வாறு இருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் கையில் காலிச் சீசாவுடன் போவார்கள். வைத்தியர் எழுதிய சீட்டைப் பார்த்துக் கம்பவுண்டர் மருந்தை அளந்து ஊற்றி, வேளைக்கு எவ்வளவு என்பது தெரியும்படி பல்பல்லாக வெட்டிய காகிதத்தைச் சீசாவின் முதுகில் ஒட்டிக் கொடுப்பார். கலப்பவர் என்று பொருள்படும் அப்பெயர் இன்னும் வழக்கிலிருக்கிறது; ஆனால் இன்று அப்பெயர் கொண்டவர் வாசலில் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பவராகிவிட்டார். தொழிற்சாலையில் வார்த்த மாத்திரை வந்ததை நாம் குறை கூறவில்லை. அந்தப் பழைய சீசாக்களில் பாதி, வர்ணமிட்ட தண்ணீர்தான் என்று சொன்னவர்களும் அக்காலத்திலேயே உண்டு. சோதித்து, எடையிட்டு, ஒரே சீராக வெளிவரும் மாத்திரையால் பிழைத்த உயிர்களுக்குக் கணக்கில்லை.

எனினும் அம்மாத்திரை பெரும்பாலோரை உத்தேசித்து வார்த்தது. அந்தப் பெரும்பாலோருள் சேராதவர் கதி என்ன? சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பி பிறவியிலேயே சரியாக வேலை செய்யாத சிசு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதற்கு ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற மருந்து நாள்தோறும், மிகச் சிறிய அளவில், ஆயுள் முழுதும் வேண்டும். கடையில் கிடைப்பதோ பெரியவர்களுக்கான மாத்திரை. தாய் அதைக் காலாக உடைத்து, பொடித்து, நீரில் குழைத்து, சங்கிலோ பாலாடையிலோ ஊற்றிப் புகட்டுகிறாள். உடைத்த துண்டு ஒரு வேளை கூடும், ஒரு வேளை குறையும். கூடினால் குழந்தையின் வளர்ச்சி குன்றும். மிகவும் குறைந்தால் உயிருக்கே ஆபத்து. இருதயக் கோளாறுடன் பிறந்த குழந்தைகளின் நிலையும் இதுவே. மாத்திரையில் சேர்த்த நிறப்பொருள் ஒவ்வாதவர்களும், குழாய் வழியாகவே உணவு பெறும் முதியவர்களும் இவ்வரிசையில் நிற்பவர்கள். படித்துப் பட்டம் பெற்ற மருந்தாளுநர் கடையில் நின்று கத்தரியால் அட்டையை வெட்டிக் கொடுத்துக்கொண்டிருக்க, அவர் செய்யவேண்டிய கலையை எழுத்தறியாத தாய் அடுப்பங்கரையில் செய்துகொண்டிருக்கிறாள்.

இந்தக் குறைக்குப் பரிகாரமாக, ஒரு நோயாளியின் பெயருக்கு எழுதிய சீட்டைப் பெற்று அவருக்கென்றே மருந்து செய்து கொடுக்கும் கடைகள் ஐக்கிய அமெரிக்காவில் ஏராளமாக நடக்கின்றன. மாத்திரையாக மட்டும் விற்பதைப் பானகமாக்குவதும், ஒவ்வாத பொருளை நீக்கித் தருவதும் அவற்றின் தொழில். நல்ல தொழில்தான். ஆனால் அத்தேசத்தின் அநுபவத்தை முழுதும் படியாமல் நாம் அதைப் பின்பற்றலாகாது.

அமெரிக்கக் காங்கிரஸ் 1997இல் ஒரு சட்டம் இயற்றிற்று. தனித்தனிச் சீட்டுக்கு மருந்து கலக்கும் கடைக்காரர், புது மருந்துக்குரிய நீண்ட சோதனைகளை நடத்தி அநுமதி பெறவேண்டியதில்லை; ஆனால் இன்ன மருந்தைக் கலந்து தருகிறோம் என்று விளம்பரம் செய்யலாகாது என்பது அதன் சாரம். விளம்பரம் செய்து விற்பவன் வியாபாரி, சீட்டுக்குச் செய்து தருபவன் தொழிலாளி என்ற பேதத்தை அச்சட்டம் கருதியது. 2002இல் அத்தேசத்துச் சுப்ரீம் கோர்ட், ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில், அந்த விளம்பரத் தடை பேச்சுரிமைக்கு விரோதமானது என்று தள்ளிவிட்டது. தடை போனால் அப்பிரிவின் மற்ற நிபந்தனைகள் நிற்குமா என்ற பிரச்னையைச் சுப்ரீம் கோர்ட் தொடவில்லை. கீழ்க்கோர்ட்டுகள் அதில் முரண்பட்டன. ஆகவே தேசத்தின் ஒரு பகுதியில் ஒரு சட்டமும் மற்றொரு பகுதியில் வேறொரு சட்டமுமாக வருஷங்கள் கழிந்தன. பத்திரிகை நடத்தும் நாம் பேச்சுரிமையைக் குறைத்துப் பேசமாட்டோம். பேச்சைத் தடுத்துப் பண்டத்தைச் சுத்தப்படுத்த முயன்றதுதான் காங்கிரஸின் பிழை என்பது நமது அபிப்பிராயம்.

அந்தக் குழப்பத்தின் நிழலில் ஒரு பெருந்தீங்கு விளைந்தது. மாஸச்சூஸெட்ஸ் ராஜ்யத்தில் பிரேமிங்ஹாம் என்னும் ஊரில் நியூ இங்கிலாந்து காம்பவுண்டிங் சென்டர் என்ற கடை இருந்தது. கடை என்பது பெயரளவே. முதுகுவலிக்கு முதுகெலும்பின் அருகே செலுத்தும் ஸ்டீராய்டு ஊசிமருந்தை ஆயிரக்கணக்கான குப்பிகளில் அடைத்து 23 ராஜ்யங்களுக்கு அனுப்பிய தொழிற்சாலை அது. 2012இல் அம்மருந்தில் பூஞ்சணம் கலந்திருந்தது வெளிப்பட்டது. மூளைக்காய்ச்சலும் பிற தொற்றும் கண்டு 753 பேர் நோயுற்றனர்; அவர்களுள் 64 பேர் மாண்டதாக அத்தேசத்து நோய்த்தடுப்பு நிலையம் 2013இல் கணக்கிட்டது. சர்க்காருக்கு முன்னறிவே இல்லை என்று சொல்வதற்கில்லை. மத்திய மருந்து இலாகா அக்கடைக்கு 2006லேயே எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியிருந்தது.

சட்டம் பயின்றவர்களின் மனத்தைப் பெரிதும் உறுத்தும் விஷயம் வேறொன்று உண்டு. அந்த ராஜ்யத்தின் சட்டப்படி ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு நோயாளியின் பெயரிட்ட சீட்டு வேண்டும். அந்தப் பெயர்தான் இம்முறை முழுவதற்கும் கடையாணி. ஒருவருக்கு மட்டும் செய்வதால்தான் மருந்து முன்சோதனையின்றி விடப்படுகிறது. பிழை நேர்ந்தாலும் ஒருவரோடு நிற்கும் என்பது சட்டத்தின் எண்ணம். அக்கடையிலோ கற்பனைப் பெயர்களையும் புகழ்பெற்றோர் பெயர்களையும் எழுதிய சீட்டுக்களைக் கொண்டு மருந்து மொத்தமாக வெளியேறிற்று என்பது பின்னர் வழக்கில் வெளியாயிற்று. கடையாணி கழன்ற வண்டி ஊர் ஊராக ஓடியிருக்கிறது. கடையின் தலைவருக்கு 2017இல் 9 வருஷச் சிறை விதிக்கப்பட்டது. கொலைக் குற்றம் அவர்மீது ருசுவாகவில்லை. 2021இல் அத்தண்டனை பதினாலரை வருஷமாக உயர்ந்தது.

இறந்தவர்களின் பிணத்தின்மீதே 2013ஆம் வருஷத்துப் புதிய சட்டம் எழுந்தது. சீட்டுக்குச் செய்வோர் ஒரு வகுப்பு, பெயரில்லாமல் மொத்தமாகச் செய்வோர் மற்றொரு வகுப்பு என்று அது பிரித்தது. இரண்டாம் வகுப்பார் பதிவு செய்துகொண்டு, தொழிற்சாலைக்குரிய சுத்த நியமங்களை அநுஷ்டித்து, மத்திய இலாகாவின் சோதனைக்கு உட்படவேண்டும்.

ஆயினும் ஆசை வேறு வழி தேடிற்று. நீரிழிவுக்கும் உடற்பருமனுக்கும் உபயோகமாகும் செமாகுளூடைட் என்ற ஊசிமருந்து 2022இல் அங்கே தட்டுப்பட்டது. தட்டுப்பாட்டுக் காலத்தில் அதே மருந்தைக் கலந்து விற்க இடமுண்டாகையால் கடைகள் விரைந்தன. வைத்தியரை நேரில் பாராமலே, இன்டர்நெட் வழியாகச் சில கேள்விகளுக்கு விடை எழுதிவிட்டு ஜனங்கள் அதை வரவழைத்தார்கள். அளவு முன்னதாகவே அமைந்த பேனாவுக்குப் பதில் குப்பியும் ஊசியும் வந்து சேர, உரிய அளவைப்போல் ஐந்து மடங்கு முதல் இருபது மடங்குவரை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி சேர்ந்தவர்களும் உண்டென்று மருந்து இலாகா 2024இல் எச்சரித்தது. 2025 பிப்ரவரியில் தட்டுப்பாடு நீங்கியதென்று அறிவித்து, சில வாரத் தவணையுடன் அந்த வாசலை அடைத்தார்கள். தேவையுள்ள ஒருவருக்காகத் திறந்த சந்து எத்தனை விரைவில் ராஜபாட்டையாகிறது என்பதை இங்கே காணலாம்.

இனி நம் தேசத்துக்கு வருவோம். ஒரு குப்பியைப் பலருக்குப் பகிரும் வழக்கம் இங்கும் உண்டு. புற்றுநோய்க்கென வந்த பெவாசிசுமாப் என்ற மருந்தைச் சிறு ஊசிகளாகப் பிரித்துக் கண்ணுக்குச் செலுத்தும் முறையால், விலையுயர்ந்த மருந்தை வாங்க இயலாத ஏழைகள் பார்வை இழக்காமல் இருக்கிறார்கள். 2016இல் குஜராத்தில் சிலருக்குத் தீங்கு நேர்ந்ததென்று மத்திய இலாகா எச்சரிக்கை விடுத்து, கண் வைத்தியர்கள் எடுத்துரைத்தபின் அதைத் திரும்பப் பெற்றது. ஆகவே கலப்பதா வேண்டாமா என்பதல்ல கேள்வி. யார், எந்த இடத்தில், யாருடைய கையெழுத்தின் பொறுப்பில் என்பதே கேள்வி.

லைசென்ஸ் பெற்ற தொழிற்சாலையே விஷத்தை விற்கும் நாட்டில் இன்னும் கலப்பதா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2025இல் மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாடா ஜில்லாவில் இருமல் மருந்தை அருந்தி இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் மாண்டன. டைஎதிலீன் கிளைக்கால் என்ற நஞ்சு கலந்த அந்த மருந்து நமது காஞ்சீபுரம் ஜில்லாவில் உற்பத்தியானது. அதற்காக நாம் வெட்கித் தலைகுனியவேண்டும். ஆனால் அங்கே தவறியது மூலப்பொருளைச் சோதிப்பது. கலக்குமிடம் சிறிதானாலும் பெரிதானாலும் அந்தக் கடமை ஒன்றே. சோதித்த மூலப்பொருளைக் கொடுத்துவிட்டால், பத்துக் குழந்தைகளுக்குத் தனித்தனியாகக் கலக்கும் மருந்தாளுநர் பத்து லக்ஷம் சீசா நிரப்பும் இயந்திரத்தைவிட அபாயகரமானவர் அல்லர்.

விளம்பரத்தைத் தடுத்து இதைக் காப்போம் என்று எண்ணுவதும் வீண். வியாபார விளம்பரமும் பேச்சுரிமையில் அடங்கும் என்று நமது சுப்ரீம் கோர்ட்டும் 1995இல் தீர்ப்பளித்திருக்கிறது. எனவே தனியார் கடைகள் இன்டர்நெட்டில் பலகை மாட்டும்வரை காத்திராமல், சர்க்கார் ஆஸ்பத்திரிகளே முந்திக்கொள்ளவேண்டும் என்கிறோம். முதலில் வாய்வழியாக அருந்தும் மருந்துகள் மட்டும் போதும். ஊசிமருந்தில் இப்போது கை வைக்கவேண்டாம். சீசாவின்மேல் குழந்தையின் பெயரும், ஒரு மில்லி லிட்டரில் மருந்து எவ்வளவு என்பதும், கலந்த தேதியும், கொட்டிவிடவேண்டிய தேதியும், கலந்தவர் கையெழுத்தும் தமிழில் இருக்கவேண்டும். பெயரில்லாத சீசா ஒன்றுகூட வெளியேறலாகாது.

இதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. 65ஆவது விதி இருக்கிறது. பட்டம் பெற்ற மருந்தாளுநர்கள் வேலையின்றி இருக்கிறார்கள். 1994இல் ஏற்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கிச் சோதித்து அனுப்புவதில் பிற ராஜ்யங்களுக்கு வழிகாட்டியிருக்கிறது. அக்கழகம் குழந்தைகளுக்கு வேண்டிய நாலைந்து மூலமருந்துகளையும் தனது ஜாபிதாவில் சேர்த்துக்கொள்வது பெரிய காரியமல்ல. எழும்பூர்க் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் ஓர் அறையை ஒதுக்கி இவ்வருஷமே ஆரம்பிக்கலாம். சுகாதார மந்திரி அடுத்த மானியக் கோரிக்கையின்போது இதற்கு ஒரு தொகையை ஒதுக்குவாரா என்று கேட்கிறோம்.