கவிதைக்கு எங்கே இடம்?

இந்த யந்திர யுகத்தில் கவிதைக்கு இடம் உண்டா என்று அடிக்கடி ஒரு கேள்வி எழுகிறது. கேட்கிறவர்கள் பெரும்பாலும் கவிதை எழுதுகிறவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். காவேரிக் கரையில் உழுகிறவனோ நடுகிறவளோ இப்படிக் கேட்டதாக நாம் அறியோம். பாட்டு அவர்களுக்கு உப்பைப் போல. அது இருக்கிறதா என்று யாரும் விசாரிப்பதில்லை, இல்லாத அன்றுதான் தெரியும்.

தேரழுந்தூர்க் கம்பரைப் பற்றிச் சோழநாட்டில் ஒரு கர்ண பரம்பரைக் கதை வழங்கி வருகிறது. வழி நடந்து போகையில், ஏற்றம் இறைக்கும் ஒருவனுடைய பாட்டு அவர் காதில் விழுந்ததாம். அவன் ஓரடி பாடினான். அதற்குள் பொழுது சாயவே, ஏற்றத்தை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான். அடுத்த அடி என்னவாயிருக்கும் என்று எண்ணியெண்ணிக் கவிச்சக்கரவர்த்திக்கு இரவெல்லாம் தூக்கமில்லை. விடிந்ததும் அதே வயலுக்கு வந்து, மிச்சத்தைக் கேட்டறிந்த பிறகே மேலே நடந்தாராம். கதை மெய்யோ பொய்யோ, இதைக் கட்டிய ஜனங்கள் பாட்டுக்கு என்ன மதிப்பு வைத்திருந்தார்கள் என்பது விளங்குகிறதல்லவா? இராமாயணம் பாடியவரை ஏற்றக்காரனிடம் பாடம் கேட்க வைத்துவிட்டார்கள்!

ஏற்றப்பாட்டு வீண் பொழுதுபோக்கு அன்று. ஏற்றமரத்தில் ஏறி இறங்குகிறவனுடைய காலுக்குத் தாளம் அது. இறைத்த சால்களுக்குக் கணக்கும் அதுவே. மின்சார மோட்டார் வந்தது, ஏற்றம் போயிற்று, பாட்டும் உடன் போயிற்று. இதற்காக நாம் கண்ணீர் விடப் போவதில்லை. ஏற்றம் மிதித்தவனுடைய முழங்காலைக் கேட்டால் மோட்டாரைத்தான் வாழ்த்தும்.

காலுக்குத் தாளமான பாட்டு இன்னொன்றும் தஞ்சை மண்ணில் ஒலித்தது. 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் தேதி, ராஜாஜி ஏறக்குறைய நூறு தொண்டர்களுடன் திருச்சிராப்பள்ளியிலிருந்து உப்பு சத்தியாக்கிரகத்துக்குப் புறப்பட்டார். வேதாரண்யம் 150 மைல். வழியில் இவர்களுக்குச் சோறும் இடமும் கொடுப்பவர்களுக்குச் சிறைவாசம் என்று தஞ்சாவூர்க் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டிருந்தார். ஊரார் என்ன செய்தார்கள்? சோற்று மூட்டைகளை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள்! மரத்தைச் சிறையில் போடப் பீனல் கோடில் விதியில்லையே. அந்த யாத்திரைக்கென்றே நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை ஒரு பாட்டு இயற்றிக் கொடுத்திருந்தார். கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று ஊர் ஊராக அதைப் பாடிக்கொண்டு நடந்தவர்கள், ஏப்ரல் 28-ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்தார்கள். 30-ஆம் தேதி உப்புச் சட்டம் உடைந்தது. பாட்டைப் புஸ்தகத்தில் படித்து யாரும் கூட்டத்தில் சேரவில்லை. தெருவில் அது வந்தபோது வாசல் திண்ணையிலிருந்து கேட்டார்கள். கேட்டவர்களில் சிலர் எழுந்து உடன் நடந்தார்கள். இன்று அந்தப் பாட்டைப் பள்ளிப் பிள்ளைகள் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்கிறார்கள். அதையும் பாக்கியமென்றே கொள்வோம்.

ஆனால் பாட்டைக் கேட்ட மாத்திரத்தில் ஜனங்கள் மாறிவிடுவார்கள் என்று எண்ணிவிடலாகாது. அதற்கும் தஞ்சை ஜில்லாவே சாட்சி.

1860-களின் தொடக்கத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை அச்சாயிற்று. சேக்கிழாரின் பெரிய புராணத்தில் நந்தனாருக்கு எஜமான் ஒருவரும் இல்லை. பாரதியார் ஒரு வேதியரைப் படைத்து, அவருடைய நாற்பது வேலி நிலத்தையும் நந்தன் தலையில் வைத்தார். ஒரு வேலி ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. நாற்பது வேலி என்றால் 260 ஏக்கருக்கு மேல். 'இந்தச் சாகுபடியை முடித்துவிட்டுச் சிதம்பரம் போ' என்கிறார் வேதியர். இந்த வேதியர் புராணத்திலிருந்து வந்தவரல்லர். பாரதியார் வாழ்ந்த மாயவரத்து வயல் வரப்பிலிருந்து வந்தவர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, நூலில் இலக்கண வழுக்கள் இருப்பதை எண்ணிச் சிறப்புப் பாயிரம் கொடுக்கத் தயங்கினார் என்றும், பாரதியார் பாடியதைத் தம் காதால் கேட்டபின் உருகிக் கொடுத்தார் என்றும் டாக்டர் உ. வே. சாமிநாதையர் எழுதி வைத்திருக்கிறார். கண்ணுக்குப் பிழையாய்ப் பட்டது காதுக்குப் பொருட்டாகவில்லை!

பிறகு அந்தக் கீர்த்தனைகள் பாகவதர்கள் வாயிலாக வீடுதோறும் புகுந்தன. 'ஐயோ, நந்தன்!' என்று பெண்டிரும் ஆடவரும் அழுதார்கள். அழுதவர்களில் பலர் நாற்பது வேலிக்காரர்கள். கதை கேட்டு எழுந்து போய்த் தங்கள் பண்ணையாளுக்கு ஒரு மரக்கால் நெல் கூட்டி அளந்தார்களா? ஆலயக் கதவைத் திறக்க 1947-ஆம் ஆண்டுச் சட்டம் வேண்டியிருந்தது. பண்ணையாளைக் காக்க 1952-இல் தனிச் சட்டம் வேண்டியிருந்தது. அதற்கும் பின்னர், 1968 டிசம்பர் 25-ஆம் தேதி இரவு, நாகப்பட்டினத்துக்கு அருகே கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட தொழிலாளிகளின் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து சாம்பலானார்கள். நந்தன் தீப்புகுந்த பாட்டுக்கு நூறு ஆண்டுகள் கண்ணீர் விட்ட ஜில்லா அது.

அப்படியானால் பாட்டினால் பயன் என்ன என்று கேட்பீர்கள். நமக்குத் தோன்றுவது இது: நந்தன் கதையைப் பாகவதர் பாடினார், நாம் கேட்டோம். வயலில் நந்தனுடைய பேத்திகள் பாடிக்கொண்டிருந்தார்கள். அதை நாம் கேட்கவில்லை. வரப்பில் குடை பிடித்து நின்றவர்களுக்கு அது வேலை நடப்பதற்கு அடையாளம், அவ்வளவே. அதைக் கவிதை என்று அவர்கள் எண்ணியதில்லை. படித்த நம் வீடுகளிலும் எண்ணியதில்லை.

நடவுப் பாட்டைக் கவனித்தவர்களுக்கு அதன் அழகு தெரியும். முடி முடியாகக் கட்டிய நாற்று சேற்றில் வந்து விழும். ஒருத்தி அடி எடுப்பாள். வரிசையில் குனிந்திருக்கும் மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். கை நடுவதும் வாய் பாடுவதும் ஒரே தாளம். பிள்ளைப்பேறு, புகுந்த வீட்டுக் கொடுமை, மேஸ்திரியின் அதிகாரம், கங்காணியைப் பற்றிய கேலி — எல்லாம் அதில் வரும். நேருக்கு நேர் சொல்ல முடியாததைப் பாட்டில் சொல்லிவிடுவார்கள். மிராசுதார் காதில் விழுந்தாலும் பாட்டுத்தானே என்று விட்டுவிட வேண்டியதுதான். அடி எடுப்பவள் அன்றைக்கு நடந்ததை அன்றைக்கே பாட்டில் சேர்ப்பாள். இதற்குப் பெயர் ஆசுகவி அல்லாமல் வேறென்ன?

இப்போது நடவு யந்திரம் வந்திருக்கிறது. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-ஆம் தேதி தவறி, ஆற்றில் தண்ணீர் தாமதித்து வரும் ஆண்டுகளில் பலர் நாற்றங்காலே போடாமல் நேரடியாக விதைத்து விடுகிறார்கள். நடவுக்குப் போனவளின் மகள் கல்லூரிக்குப் போகிறாள்; போகட்டும், போகத்தான் வேண்டும். முதுகு ஒடியும் வேலையைப் பாட்டுக்காகக் காப்பாற்றச் சொல்லுபவன் ஒரு நாளாவது சேற்றில் குனிந்து பார்க்கட்டும்.

வேலை போகலாம், பாடினவள் இன்னும் இருக்கிறாளே! அறுபது, எழுபது வயதான அந்தப் பாட்டிகள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். தஞ்சையில் 1981-இல் நிறுவிய தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாட்டுப்புறவியலுக்குத் தனித் துறையே உண்டு. ஆயினும் ஒரு துறை எத்தனை ஊருக்குப் போகும்? ஒலிப்பதிவுக் கருவி இப்போது ஒவ்வொரு பிள்ளையின் சட்டைப் பையிலும் இருக்கிறது. விடுமுறைக்குக் கிராமத்துக்குப் போகும் நம் வீட்டுப் பிள்ளைகள், 'ஆத்தா, ஒரு பாட்டுச் சொல்லுங்கள்' என்று கேட்டு உட்காரலாமே. எழுதும்போது 'நாடோடிப் பாடல், ஆசிரியர் பெயர் தெரியவில்லை' என்று போட வேண்டாம். அவள் பெயரைக் கேட்டு, அவள் சம்மதித்தால், பாட்டின் தலையில் அதை எழுதுங்கள். நீங்கள் கேட்ட உடனே அவள் பாடமாட்டாள். வெட்கப்படுவாள், 'அதெல்லாம் மறந்து போச்சு, தம்பி' என்பாள். இரண்டாம் நாளும் போங்கள். கம்பர் போகவில்லையா?