பின்சக்கரம் சுற்றுது... வண்டி நகரலை!

‘எங்களிடம் 45 ஹெச்.பி டிராக்டர் இருக்கிறது. டூ வீல் டிரைவ். களிமண் நிலம். மழை பெய்த பிறகு ஒன்பது கொத்துக் கலப்பையை இறக்கினால் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றுகிறது. கரும்பு டிரெய்லர் இழுக்கும்போதும் இதே கதைதான். என் மகன் செல்போனில் பஞ்சாப் டிராக்டர் போட்டிகளைப் பார்த்துவிட்டு, பின்னால் மணல் மூட்டை கட்டலாம், டிரெய்லர் கொக்கியை உயரமாக மாற்றி மாட்டலாம் என்கிறான். செய்யலாமா?’

- வாசகர், விழுப்புரம் மாவட்டம்

மகன் சொல்வதில் பாதி சரி. பின்சக்கரத்துக்குப் பிடிப்பு வேண்டுமென்றால் அதன்மேல் எடை உட்கார வேண்டும். கொக்கியை உயர்த்தினாலும் பின்சக்கரத்தில் எடை கூடத்தான் செய்யும். ஆனால், அந்த எடை முன்சக்கரத்திலிருந்து பிடுங்கி எடுக்கப்படுவது. இழுவை கூடக் கூட முன்சக்கரம் லேசாகி, ஒரு கட்டத்தில் தரையை விட்டுக் கிளம்பும். அதன்பிறகு வண்டி பின்பக்கமாகக் கவிழ ஒன்றரை விநாடி போதும். கிளட்ச்சை மிதிக்க வேண்டும் என்று ஓட்டுநருக்குத் தோன்றுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். எனவே டிரெய்லரோ, சங்கிலியோ, எதுவாக இருந்தாலும் கம்பெனி கொடுத்த கீழ்க் கொக்கியில்தான் மாட்ட வேண்டும். டாப் லிங்க் பொருத்தும் இடத்திலோ, பின் அச்சிலோ கட்டவே கூடாது.

பஞ்சாபில் இரண்டு டிராக்டர்களை முதுகோடு முதுகாகக் கட்டி இழுக்கவிடும் போட்டியை ‘டோச்சன்’ என்கிறார்கள். முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் சாகசங்களும் அங்கே உண்டு. 2023 அக்டோபரில் குர்தாஸ்பூர் மாவட்டத்தில் சாகசம் காட்டிய இளைஞர் ஒருவர் அதே டிராக்டரில் சிக்கி இறந்துபோனார். அதையடுத்து, ஆபத்தான டிராக்டர் சாகசங்களுக்கு அந்த மாநில அரசு தடை போட்டது. இதையும் மகனிடம் சொல்லுங்கள்.

மணல் மூட்டையும் வேண்டாம். பின் அச்சுக்கும் பின்னால் தொங்கும் எடை முன்பக்கத்தைத் தூக்கும். வரப்பு ஏறும்போது மூட்டை சரியும். ஸ்டீயரிங் லேசாகிவிட்டால், ரோட்டில் கரும்பு லோடோடு திரும்பும்போது வண்டி சொன்ன பேச்சு கேட்காது.

சரி, என்ன செய்வது? எவ்வளவு வழுக்குகிறது என்று முதலில் அளந்து பாருங்கள். பின் டயரில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்கள். வயலில் கலப்பையைத் தூக்கிக்கொண்டு சக்கரம் 10 சுற்று சுற்றும்வரை ஓட்டி, போன தூரத்தை டேப்பால் அளந்துகொள்ளுங்கள். பிறகு அதே கியரில், கலப்பையை இறக்கி உழுதபடி 10 சுற்று ஓட்டி அளக்க வேண்டும். வெறுமனே 40 மீட்டர் போன வண்டி, உழும்போது 32 மீட்டர்தான் போகிறது என்றால் வழுக்கல் 20 சதவிகிதம். அதாவது ஐந்து லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் அளவுக்கான வேலை சக்கரம் சும்மா சுற்றுவதிலேயே போகிறது. டயர் தேய்மானம் தனிக்கணக்கு. உங்கள் வகை டிராக்டருக்கு 10 முதல் 15 சதவிகிதம் வழுக்கல் இருக்கலாம். துளியும் வழுக்கக் கூடாது என்று எடையை ஏற்றிக்கொண்டே போனால், சுமை முழுவதும் கியர் பாக்ஸில் இறங்கும், மண்ணும் இறுகிப்போகும்.

அடுத்து காற்று. டிரெய்லர் இழுப்பதற்காக டயரைக் கல்லு மாதிரி அடித்து வைத்துவிட்டு, அப்படியே உழவுக்கும் இறங்குவதுதான் பல ஊர்களில் நடக்கிறது. காற்று அதிகமானால் டயர் தரையில் படும் பரப்பு சுருங்கும். உழவுக்குப் பொதுவாக 12 முதல் 14 பவுண்டு போதும். உங்கள் டயருக்கான சரியான அளவு கையேட்டில் இருக்கும். அதற்கும் கீழே இறக்கினால் ரிம் மட்டும் சுற்றி, டியூப் வாய் அறுந்துவிடும். ரோட்டுக்குப் போகும்போது மறுபடியும் ஏற்றிக்கொள்ள வேண்டும். இதற்குச் சோம்பல்பட்டால் டயரின் பக்கவாட்டில் வெடிப்பு விழும்.

காற்றைச் சரிசெய்தும் வழுக்கினால் டயருக்குள் தண்ணீர் நிரப்பலாம். மணல் மூட்டை செய்யாததை இது செய்யும். எடை சக்கரத்துக்குள்ளேயே, தாழ்வாக உட்கார்ந்திருக்கும். அச்சின் மீதுகூட சுமை ஏறாது. பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, வால்வு உச்சிக்கு வரும்படி சக்கரத்தைத் திருப்பி நிறுத்த வேண்டும். தண்ணீர் உள்ளே போகும்போதே காற்று வெளியேறும்படியான தனி வால்வு, டிராக்டர் டயர் வேலை செய்யும் பஞ்சர் கடைகளில் இருக்கும். வால்வு மட்டத்துக்குத் தண்ணீர் வந்ததும் நிறுத்திவிட்டால் முக்கால் பாகம் நிரம்பியிருக்கும். மீதிக் கால் பாகம் காற்றுக்கு. 13.6-28 அளவு டயருக்குச் சுமார் 150 லிட்டர் பிடிக்கும். இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து 300 கிலோ எடை கூடிவிடும். செலவு என்று பார்த்தால் பஞ்சர் கடைக்காரர் கூலிதான். நல்ல தண்ணீராக நிரப்புங்கள். உப்புத் தண்ணீர் டியூப் வாயையும் ரிம்மையும் அரித்துவிடும். கட்டாயம் இரண்டு பக்கமும் ஒரே அளவு இருக்க வேண்டும். முன்பக்கம் லேசாகத் தெரிந்தால் பம்பரில் மாட்டும் இரும்பு எடைக்கட்டிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வண்டியின் மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்காவது எப்போதும் முன்சக்கரத்தில் இருந்தாக வேண்டும்.

காசே செலவில்லாத ஒரு வழி டிராக்டரிலேயே இருக்கிறது. சீட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஹைட்ராலிக் லீவர்களில் ஒன்று டிராஃப்ட் கன்ட்ரோல். பல ஓட்டுநர்கள் அதைத் தொடுவதேயில்லை. கலப்பை கெட்டி மண்ணில் மாட்டும்போது, இது தானாகவே கலப்பையைக் கொஞ்சம் தூக்கிக் கொடுத்து, அந்தப் பாரத்தைப் பின்சக்கரத்தின் மேல் இறக்கும். 1930-களில் ஹாரி பெர்குசன் தன் டிராக்டரில் கொண்டுவந்த ஏற்பாடு இது. சின்ன டிராக்டர் பெரிய கலப்பையை இழுத்ததே இதனால்தான். ஷோரூம் மெக்கானிக்கை ஒரு நாள் வயலுக்கு வரச்சொல்லி, லீவரை எங்கே நிறுத்துவது என்று மகனுக்குக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள்.

ஒரு சக்கரம் மட்டும் சுற்றினால் டிஃபரன்ஷியல் லாக்கைப் போடலாம். நேராகப் போகும்போது மட்டும். திரும்புவதற்கு முன்பு எடுத்துவிட வேண்டும்.

இவ்வளவு செய்தாலும், ஈரக் களிமண்ணில் டயர் பட்டைகளுக்கு நடுவே சேறு அப்பிக்கொண்டால் எந்த எடையும் உதவாது. ஒரு பிடி மண்ணை உருண்டை பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து போடுங்கள். உதிர்ந்தால் உழலாம். உருண்டையாகவே கிடந்தால் இன்னும் இரண்டு நாள் பொறுங்கள். அவசரப்பட்டு இறங்கினால், அடிமண் இறுகி அடுத்த போகத்தில் வேர் இறங்காது. நடவுக்குச் சேறு அடிப்பது வேறு. அதற்குக் கேஜ் வீல் இருக்கிறது.

கடைசியாக, டிரெய்லரோடு சேற்றில் சிக்கிக்கொண்டால் பின்சக்கரத்துக்கு முன்னால் கட்டை, கல் வைப்பதும், சக்கரத்தோடு சேர்த்துக் கட்டையைக் கட்டுவதும் ஊரில் வழக்கம். இதுவும் கொக்கியை உயர்த்துவது போலத்தான். சக்கரம் சுற்ற வழியில்லாதபோது, இன்ஜின் விசை வண்டியையே அச்சைச் சுற்றித் தூக்கிவிடும். டிரெய்லரைக் கழற்றிவிட்டு, ரிவர்ஸில் வெளியே வரப் பாருங்கள். வராவிட்டால் பக்கத்து வயல்காரரின் டிராக்டரைக் கூப்பிடுங்கள். அதன் கீழ்க் கொக்கியில் சங்கிலியை மாட்டி மெதுவாக இழுக்கட்டும். இழுக்கும்போது சங்கிலிக்குப் பக்கத்தில் யாரும் நிற்க வேண்டாம்.