நாடி பார்க்கும் மணிக்கூடு: வாங்குமுன் ஒரு வார்த்தை



புத்தளத்திலிருந்து ஒரு வாசகச் சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். வயது 48. சீனி வருத்தம் என்று கிளினிக்கில் சொல்லி, தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொன்னார்களாம். கத்தாரில் வேலை செய்யும் மகன், "உம்மா, நடக்கும்போது இதயத் துடிப்பைக் காட்டும் கருவி ஒன்று வாங்கி அனுப்புகிறேன், எது வேண்டும்?" என்று கேட்கிறாராம். கையில் கட்டுவதா, நெஞ்சில் கட்டுவதா? விலை கூடியதுதான் சரியாகக் காட்டுமா? "மௌலவி, தெரிந்தால் எழுதுங்கள்" என்று கேட்டிருக்கிறார்.

நான் வைத்தியன் அல்லன். பாடசாலையில் இஸ்லாம் படிப்பிக்கிறவன். ஆனாலும் இந்த விடயத்தில் என்னால் ஒரு பிழை நடந்தது. அதனால் பட்ட அனுபவத்தையும், பிறகு கேட்டும் வாசித்தும் அறிந்ததையும் சொல்கிறேன். எங்கள் வீட்டில் நடந்தது உங்கள் வீட்டில் நடக்காமல் இருக்கட்டும்.

உடையார்கட்டுக் குளத்துக்கட்டில்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியில், விசுவமடுவுக்கும் புதுக்குடியிருப்புக்கும் இடையில் இருக்கிறது உடையார்கட்டு. குளமும் வயலும் தென்னையுமாக இருக்கும் ஊர். 2009 சனவரியில் பாதுகாப்பு வலயம் என்று அறிவிக்கப்பட்ட பகுதிக்குள் இந்த ஊரும் இருந்தது. அந்த வலயத்துக்குள்ளும் ஷெல் விழுந்தது. என்னோடு படிப்பித்த ஆசிரியை ஒருவர் அங்கே வசிக்கிறார். அந்த நாட்களில்தான் அவர் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே இழந்தார். இன்று செயற்கைக் காலோடு பாடசாலைக்கும் போகிறார், பின்னேரங்களில் குளத்துக்கட்டில் நடக்கவும் செய்கிறார். கனடாவில் இருக்கும் தம்பி அனுப்பிய மணிக்கூடு ஒன்று அவர் கையில் இருக்கும். நாடித்துடிப்பை அது நிமிடக் கணக்கில் காட்டும்.

என் மனைவிக்கு வயது 45. பிரஷர் இருக்கிறது. அவருக்கும் உறவினர் ஒருவர் அதே மாதிரி ஒரு மணிக்கூடு கொண்டுவந்து கொடுத்திருந்தார். ஒருநாள் ரீச்சர் வீட்டுக்கு நாங்கள் போயிருந்தபோது, அஸருக்குப் பிறகு இரண்டு பேரும் குளத்துக்கட்டில் நடந்தார்கள். நான் பின்னால் வந்தேன். ஒரே பாதை, ஒரே வேகம். ரீச்சரின் மணிக்கூடு 134 என்றது. மனைவியின் மணிக்கூடு 98 என்றது.

மணிக்கூட்டோடு வந்த துண்டுத்தாளை நான் முதலே வாசித்திருந்தேன். 220 இலிருந்து வயதைக் கழிக்க வேண்டும், அதுதான் இதயம் துடிக்கக்கூடிய ஆகக்கூடிய எண்ணிக்கை என்று அதில் இருந்தது. 45 ஐக் கழித்தால் 175. அதில் நூற்றுக்கு 70 என்றால் 122. கணக்குத் தெரிந்தவன் என்ற பெருமையில் நான் மனைவியிடம் சொன்னேன்: "உங்கட எண் காணாது. 120 வரும்வரைக்கும் கொஞ்சம் கெதியாக நடவுங்கள்."

அவர் நடந்தார். எண் 104 க்கு வந்தது, 107 க்கு வந்தது, அதற்கு மேல் ஏறவில்லை. நான் இன்னும் கெதியாக என்றேன். ரீச்சர்தான் நின்று திரும்பி, "மௌலவி, மணிக்கூட்டைப் பாக்கிறதை விட்டுட்டு அவவைப் பாருங்கோ. மூச்சு வாங்குது, முகம் வெளுத்துப்போச்சு" என்றார். பார்த்தால், மனைவி தலை சுற்றி நிற்க முடியாமல் நிற்கிறார். அங்கேயே இருக்கவைத்தோம். கால் மணி நேரத்தில் தெளிந்தது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்தக் கால் மணி நேரம் எனக்கு எவ்வளவு நீண்டது என்பதை எழுத்தில் சொல்ல முடியாது.

குளிசையை நான் மறந்தேன்

அடுத்த நாள் கிளினிக்கில் வைத்தியர் முதலில் கேட்ட கேள்வி, "என்ன குளிசை எடுக்கிறீங்கள்?" என்பதுதான். அட்டினோலோல். பிரஷருக்கும் இதய நோய்க்கும் கொடுக்கும் அட்டினோலோல், பிசோப்ரோலோல், ப்ரொப்ரனோலோல் போன்ற குளிசைகள் இதயத்தின் துடிப்பை மெதுவாக்குகின்றன. அவற்றின் வேலையே அதுதான். அப்படிப்பட்டவர் எவ்வளவு சிரமப்பட்டு நடந்தாலும் எண் மற்றவர்களுக்குப் போல ஏறாது. எண்ணை ஏற்றப் போனால் ஆள்தான் விழுவார். நான் செய்தது அதைத்தான்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: இதை வாசித்துவிட்டு யாரும் அந்தக் குளிசையைத் தாமாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்துவது இதயத்துக்கு ஆபத்து. குளிசையும் தொடர வேண்டும், நடையும் தொடர வேண்டும். எந்த அளவு நடை என்பதை மட்டும் வைத்தியரிடம் கேளுங்கள்.

ரீச்சரின் 134 க்கும் காரணம் இருந்தது. செயற்கைக் காலோடு நடப்பதற்கு, அதே தூரத்தை அதே வேகத்தில் நடக்கும் மற்றவரைவிட உடம்பு கூடச் சக்தி செலவழிக்கிறது. எங்களுக்கு உலாத்தலாக இருப்பது அவருக்குக் கடும் பயிற்சி. வன்னியில் காலை இழந்த எத்தனையோ பெண்கள் இருக்கிறார்கள். "கொஞ்சத் தூரம்தானே நடந்தாய், அதற்குள் களைப்பா?" என்று அவர்களைக் கேட்பவர்கள் இதை அறிந்துகொள்ள வேண்டும்.

இரத்தச்சோகை, தைரொயிட் கோளாறு, காய்ச்சல், நித்திரைக் குறைவு இவையும் துடிப்பைக் கூட்டும். சும்மா இருக்கும்போது வளர்ந்தவர்களுக்கு நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை துடிப்பது வழமை. ஓய்வாக இருந்தும் 100 க்கு மேலேயே நின்றால், அல்லது துடிப்பு ஒழுங்கில்லாமல் தாவித் தாவி வந்தால், கருவி வாங்குவதற்கு முன் வைத்தியரைக் காணுங்கள்.

220 என்ற கணக்கு

இந்தக் கணக்கு 1970 களின் தொடக்கத்தில் வந்தது. இது ஒரு சராசரி மட்டுமே. ஒரே வயதுள்ள இரண்டு பேருக்குள் பத்து, பன்னிரண்டு துடிப்பு கூடிக் குறைவது சாதாரணம். பெண்களைத் தனியாக ஆராய்ந்து வேறொரு கணக்கும் வந்தது. சிக்காகோ பகுதியில் 5,437 பெண்களை வைத்துச் செய்த ஆய்வின் முடிவு 2010 இல் வெளியானது. அதன்படி வயதை 0.88 ஆல் பெருக்கி 206 இலிருந்து கழிக்க வேண்டும். 45 வயதுப் பெண்ணுக்கு ஏறக்குறைய 166. பழைய கணக்கு சொன்னது 175. ஆகவே துண்டுத்தாளில் உள்ள எண்ணுக்காக யாரும் ஓட வேண்டியதில்லை.

நிதானமான உடற்பயிற்சிக்கு ஆகக்கூடிய துடிப்பில் நூற்றுக்கு 50 முதல் 70 வரை போதும். 45 வயதில், மேலே சொன்ன குளிசை எடுக்காதவருக்கு, அது சுமார் 83 முதல் 116 வரை. வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் இப்படியான பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 இல் சொன்னது. நாளுக்கு அரை மணி நேரமாக ஐந்து நாள் நடந்தாலே 150 வந்துவிடும்.

எந்தக் கருவி?

நாடியை மணிக்கூட்டோடு சேர்த்துப் பார்ப்பது புதிய விடயம் அல்ல. இப்னு ஸீனா தம் மருத்துவ நூலில் நாடிக்கென்றே தனிப் பகுதி எழுதினார். இதயத்திலிருந்து இரத்தம் நுரையீரலுக்குப் போய்த் திரும்புவதை 13 ஆம் நூற்றாண்டிலேயே விளக்கியவர் இப்னு நபீஸ். நாடியை எண்ணவென்று ஒரு நிமிடம் ஓடும் மணிக்கூட்டைப் பற்றி 1707 இல் எழுதியவர் ஜோன் ஃபுளோயர் என்ற ஆங்கில வைத்தியர். உடம்பில் கட்டிக்கொண்டு ஓடக்கூடிய, வயர் இல்லாத கருவியை ஃபின்லாந்தின் போலார் நிறுவனம் 1982 இல் கொண்டுவந்தது.

இன்று கடைகளில் முக்கியமாக இரண்டு வகை உண்டு.

முதலாவது நெஞ்சுப்பட்டி. இதயம் துடிக்கும்போது எழும் சிறு மின்சாரத்தைத் தோலிலிருந்து இது பிடிக்கிறது. வேகமாக அசையும்போதும் ஓரளவு சரியாகக் காட்டுவது இதுதான். மார்புக்குச் சற்றுக் கீழே, உடுப்புக்கு உள்ளே கட்டுவதால் வெளியில் தெரியாது. தோலில் படும் பகுதியைத் தண்ணீரால் நனைத்துக் கட்ட வேண்டும், காய்ந்திருந்தால் பிழையாகக் காட்டும். பெரும்பாலும் காசு வடிவப் பற்றறி போடுவார்கள். அது உங்கள் ஊர்க் கடையில் கிடைக்குமா என்று முதலே பாருங்கள். எண்ணைப் பார்க்கப் போனோ மணிக்கூடோ வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்துமா என்றும் கேட்டு வாங்குங்கள். நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் வைத்தியரிடம் கேட்காமல் இதைக் கட்டக் கூடாது.

இரண்டாவது கை மணிக்கூடு. அதன் அடியில் பச்சை வெளிச்சம் மின்னும். இரத்தம் கூடிக் குறைவதை அந்த வெளிச்சத்தால் அளந்து துடிப்பைக் கணக்கிடுகிறது. நடைக்கு இது போதும். ஆனால் தளர்வாகக் கட்டினாலோ, கையை அதிகம் வீசினாலோ, கை குளிர்ந்திருந்தாலோ பிழைக்கும். சில வேளை நாடிக்குப் பதிலாக உங்கள் காலடியையே எண்ணிவிடும். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, அசையாத அளவுக்கு இறுக்கிக் கட்டுங்கள். வுளூ செய்யும்போது கழற்றிவிடுங்கள். பட்டிக்குக் கீழே தண்ணீர் படவும் வேண்டும், ஈரமும் வியர்வையும் தங்கினால் தோல் கடிக்கவும் செய்யும்.

இதே வெளிச்ச முறையில் மேல் கையில் கட்டும் பட்டியும் உண்டு. மணிக்கட்டைவிட அங்கே அசைவு குறைவு. கையின் கீழ்ப் பகுதியை இழந்தவர்களுக்கும் அது உதவும்.

எதை வாங்கினாலும் இப்படிப் பரீட்சித்துப் பாருங்கள். ஐந்து நிமிடம் அமைதியாக இருங்கள். பெருவிரல் பக்கமாக மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து, 30 விநாடி நாடியை எண்ணி, இரண்டால் பெருக்குங்கள். கருவி காட்டுவதும் அதுவும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு பத்து நிமிடம் நடந்து, நின்றவுடன் இன்னொரு முறை எண்ணிப் பாருங்கள். இரண்டு தரமும் பெரிய வித்தியாசம் வந்தால், விலை எவ்வளவானாலும் அது உங்களுக்கு உதவாது.

வாங்காமலும் நடக்கலாம்

சகோதரிகளே, பணம் இல்லாதவர் கவலைப்பட வேண்டாம். கொரோனாக் காலத்தில் பலர் விரலில் கொழுவும் கருவி வாங்கினார்கள். அது நாடியையும் காட்டும். பிரஷர் பார்க்கும் மெஷினும் காட்டும். இரண்டையும் நடந்துகொண்டு பார்க்க முடியாது, இருந்துதான் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட இலகுவானது உங்கள் மூச்சு. நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும். தனியாக நடந்தால் திக்ர் சொல்லிக்கொண்டு நடவுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு அறுந்தால் வேகம் கூடிவிட்டது, குறையுங்கள். மூச்சில் ஒரு மாற்றமும் இல்லையென்றால் கொஞ்சம் கூட்டலாம். துடிப்பை மெதுவாக்கும் குளிசை எடுப்பவர்களுக்கு மணிக்கூட்டைவிட இந்த அளவுகோலே நம்பிக்கையானது.

நெஞ்சில் இறுக்கம், தாடையிலோ தோளிலோ முதுகிலோ நோவு, வழமையில்லாத மூச்சுமுட்டல், குமட்டல், குளிர் வியர்வை, தலைச்சுற்று இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே நடையை நிறுத்துங்கள். பெண்களுக்கு மாரடைப்பு நெஞ்சுவலி இல்லாமலும் வரலாம். "மணிக்கூட்டில் எண் சரியாகத்தானே இருக்கிறது" என்று சமாதானம் சொல்லாதீர்கள். இந்த மணிக்கூடுகள் மாரடைப்பைக் கண்டுபிடிக்கச் செய்யப்பட்டவை அல்ல. 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அந்த இலவச அம்புலன்ஸ் 2018 இல் வடக்குக்கும் வந்தது. வடக்கு முஸ்லிம்களாகிய எங்களுக்கு 1990 என்றால் வேறொரு ஞாபகம். அந்த வருடம் ஒக்டோபரில் உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ஊரைவிட்டு வெளியேறினார். இன்று அதே இலக்கம் உயிரைக் காப்பாற்ற உதவுகிறது. அதை வீட்டுச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.

புத்தளத்துச் சகோதரிக்கு என் பதில் இதுதான். முதலில் உங்கள் குளிசைக் கொப்பியைக் கொண்டுபோய், எவ்வளவு நடக்கலாம் என்று கிளினிக்கில் கேளுங்கள். நடைக்கு மட்டும் என்றால் சாதாரண கை மணிக்கூடே போதும். எழுத்துப் பெரிதாக, வெயிலில் தெரியக்கூடியதாகப் பார்த்து மகனை வாங்கச் சொல்லுங்கள். மிச்சக் காசுக்கு நல்ல சப்பாத்து ஒரு சோடி வாங்கி அனுப்பச் சொல்லுங்கள். சீனி வருத்தம் உள்ளவருக்குக் காலில் காயம் வராமல் பார்ப்பது மிக முக்கியம்.

என் மனைவி இப்போதும் நடக்கிறார். மணிக்கூடும் கையில் இருக்கிறது. நான் எண்ணைக் கேட்பதில்லை. "களைப்பாக இருக்குதா?" என்றுதான் கேட்கிறேன். உடையார்கட்டுக்குப் போகும் நாட்களில் அவரும் ரீச்சரும் பேசிக்கொண்டே குளத்துக்கட்டில் நடக்கிறார்கள். ரீச்சர் இருந்து ஆற வேண்டிய இடத்தில் இருவரும் சேர்ந்து இருக்கிறார்கள்.

உடம்பு அல்லாஹ் தந்த அமானிதம். அதைக் கவனித்துக்கொள்ளுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம். வஸ்ஸலாம்.