ஒரு பல்லிக்காகத் துறைமுகத்தை விடுவதா?

போயும் போயும் ஒரு பல்லிக்காகத் துறைமுகம் வேண்டாம் என்பதா? ஜமைக்காவில் 2013-ல் கோட் தீவுகளைத் துறைமுகம் கட்டச் சீன நிறுவனம் ஒன்றுக்குக் கொடுக்கும் திட்டம் வந்தபோது எழுந்த கேள்வி இது. ஊர் மாறும், பிராணி மாறும், கேள்வி மட்டும் மாறவே மாறாது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கேள்வியே தப்பு!

யார் அந்தப் பல்லி? ஜமைக்கா இகுவானா. நம்மூர் ஓணானுக்குத் தூரத்துச் சொந்தம். வாலோடு சேர்த்து மூன்றடிக்கு மேல் வளரும். அந்தத் தீவைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. 1940-களோடு அழிந்துவிட்டது என்றே நினைத்தார்கள். 1990-ல் கிங்ஸ்டன் நகருக்குப் பக்கத்தில் இருக்கும் ஹெல்ஷயர் குன்றுகளில், பன்றி வேட்டைக்குப் போன ஒருவரின் நாய் உயிரோடு ஒன்றைப் பிடித்தது. தேடிப் பார்த்தால், மிஞ்சியிருந்தவை நூறுகூடத் தேறாது.

"வலியது வாழும், மெலியது சாகும். அதுதான் இயற்கை, நமக்கென்ன?" என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. 1872-ல் கரும்புத் தோட்டத்து எலிகளை ஒழிக்க ஒரு தோட்ட முதலாளி ஜமைக்காவுக்குக் கீரிகளைக் கொண்டு வந்தார். எங்கிருந்து? நம் கல்கத்தாவிலிருந்து! மொத்தம் ஒன்பதே கீரிகள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதைதான். அவை பெருகித் தீவெங்கும் பரவின, எலியோடு நிற்காமல் இகுவானாவின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்ன ஆரம்பித்தன. போதாக்குறைக்கு நாய், பூனை, பன்றி, கரிக்காகக் காட்டை வெட்டுபவர்கள் வேறு. இதில் இயற்கை எங்கே வந்தது? கப்பலில் ஏற்றி வந்தது மனிதன், பழி மட்டும் இயற்கைக்கா?

சரி, மிருகக்காட்சிசாலையில் வைத்து வளர்த்தால் போதாதா என்பது அடுத்த கேள்வி. அதையும் செய்கிறார்கள், நன்றாகவே செய்கிறார்கள். காட்டில் பொரிக்கும் குஞ்சுகளில் சிலவற்றை எடுத்து, கிங்ஸ்டனின் ஹோப் மிருகக்காட்சிசாலையில் சில வருடங்கள் வளர்த்து, கீரியால் கொல்ல முடியாத அளவுக்குப் பெரிதானதும் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். இப்படி நூற்றுக்கணக்கில் விட்டாயிற்று. விடப்பட்ட பெட்டைகள் காட்டில் முட்டையும் இடுகின்றன. முட்டையிடும் இடத்தைச் சுற்றிக் கூண்டு வைத்துக் கீரி பிடிக்கும் வேலையும் நடக்கிறது.

ஆனால் இது நோயாளிக்கு ஏற்றும் குளுக்கோஸ் மாதிரி. உயிரைப் பிடித்து வைக்கும், நோயைத் தீர்க்காது. கூண்டு வைப்பதை நிறுத்தினால், அல்லது ஒரு வருடம் பணம் வராமல் போனால், கீரி திரும்ப வந்துவிடும். ஜமைக்கா முழுவதும் கீரியை ஒழிப்பது நடக்கிற காரியமில்லை. சின்னத் தீவில் அது முடியும். அங்கேதான் கோட் தீவுகள் வருகின்றன. இகுவானா முன்பு வாழ்ந்த இடம், குன்றுகளுக்கு அருகில், சுற்றிலும் கடல். கீரி, பூனை, ஆடுகளை அப்புறப்படுத்தினால் இந்தப் பிராணிக்கு மனிதத் துணையில்லாமல் வாழ ஓர் இடம் கிடைக்கும். துறைமுகம் கேட்டது சரியாக அந்த இடத்தைத்தான்! அதுவும் 1999-லேயே பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்ட போர்ட்லேண்ட் பைட்டுக்குள்.

அந்தப் பகுதியின் அலையாத்திக் காடுகள் மீன்குஞ்சு வளரும் தொட்டில். தூர்த்திருந்தால் நஷ்டம் பல்லிக்கு மட்டுமல்ல, மீனவர்களுக்கும்தான். வேலைவாய்ப்புக் கணக்குப் போடுபவர்கள் இந்த வேலைகளை ஏன் கணக்கில் சேர்ப்பதில்லை?

2016-ல் பிரதமர் ஆண்ட்ரூ ஹோல்னஸ் அங்கே துறைமுகம் வராது என்று அறிவித்தார். நல்ல முடிவு. ஆனால் அது பாதி வேலைதான். துறைமுகம் வராததால் மட்டும் கீரி போய்விடாது. சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பார்கள். இங்கே சுவர் தப்பியிருக்கிறது, அவ்வளவே.

துறைமுகத்துக்கு வேறு இடம் தேடலாம். இகுவானாவுக்கு வேறு ஜமைக்கா எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்?