சூறாவளி வருமோ வராதோ எண்டு சண்டை பிடிக்கிற எங்களுக்கு

ஒவ்வொரு கார்த்திகையும் இதுதான் நடக்குது. அந்தமானுக்குத் தெற்குப் பக்கமா முகில் கொஞ்சம் திரளும். உடன எங்கட வட்ஸ்அப் குழுக்களில ரெண்டு கட்சி உருவாகிடும். ஒரு கட்சி அமெரிக்க மொடலின் பத்தாவது நாள் படத்தை எடுத்துச் சிவப்பு வட்டம் கீறி, "முல்லைத்தீவுக்கு நேர வருது" எண்டு போடும். மற்றக் கட்சி ஐரோப்பிய மொடலைத் தூக்கிக்கொண்டு வந்து, "ஒண்டும் வராது, சனத்தைப் பயப்பிடுத்தாதேங்கோ" எண்டு சொல்லும். ரெண்டு பக்கமும் வானிலை படிச்ச ஆக்கள் இல்லை. படிச்சது விண்டியும் யூரியூபும். நானும் அதில ஒருத்தன்தான். அதனால் இந்தக் கட்டுரை வெளியில நிண்டு எறியிற கல் இல்லை, எனக்கும் சேர்த்துத்தான்.

என் குற்றச்சாட்டு நாங்கள் பிழையாகச் சொல்கிறோம் என்பதல்ல. பிழை எல்லாருக்கும் வரும். நாங்கள் கேட்கிற கேள்வியே பிழை என்பதுதான் என் குற்றச்சாட்டு.

"சூறாவளியா மாறுமா?" இந்தக் கேள்விக்கு உண்மையில என்ன அர்த்தம்? வங்காள விரிகுடாவில் காற்றின் வேகம் மணிக்கு 62 கிலோமீற்றரைத் தொட்டால் அது சூறாவளி, அதற்கு ஒரு பெயர் கிடைக்கும். 61 இல் நிண்டால் அது ஆழமான தாழமுக்கம், பெயர் இல்லை. இந்த ஒரு கிலோமீற்றருக்காகத்தான் நாங்கள் இரவிரவாக முழிச்சிருந்து அடிபடுறம். ஆனால் உங்கட கிணத்துக்குள்ள வெள்ளம் வாறதுக்கு அந்தப் பெயர் தேவையில்லை.

எங்கட சொந்த அனுபவத்தையே எடுங்கோ. 2008 நவம்பர் 25 இல் யாழ்ப்பாணத்தில் ஒரே நாளில் 390 மில்லிமீற்றர் அளவில் மழை கொட்டியது. வன்னியில் இடம்பெயர்ந்து தறப்பாளுக்குக் கீழ இருந்த சனத்துக்கு அந்த நாட்கள் எப்படி இருந்திருக்கும் எண்டு வீட்டில பெரிய ஆக்களைக் கேட்டுப் பாருங்கோ. அதற்கு 'நிஷா' எண்டு பெயர் வச்சது மழை கொட்டின பிறகுதான். 2011 தையில் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வந்த வெள்ளத்துக்குப் பெயரே இல்லை. பாதிக்கப்பட்டவர்கள் பத்து இலட்சத்துக்கும் மேல். 2018 மார்கழியில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் தண்ணிக்குள்ள கிடந்தபோதும் அங்க சூறாவளி எதுவும் வரேல்ல.

2024 நவம்பர் 26 இல் காரைதீவு மாவடிப்பள்ளியில் மத்ரசா மாணவர்களை ஏத்திக்கொண்டு போன உழவு இயந்திரம் வெள்ளத்தில் அள்ளுண்டு போனது. பிள்ளைகள் செத்தார்கள். அந்த நேரம் கிழக்குக் கரையோரம் நிண்டது வெறும் தாழமுக்கம்தான். அது 'பெங்கல்' ஆனது 29 ஆம் திகதி, கரையைக் கடந்தது புதுச்சேரிப் பக்கம். "இலங்கைக்குச் சூறாவளி வராது" எண்டு அந்தக் கிழமை எழுதின எல்லாரும் சொன்னது சொல்லுக்குச் சொல் சரி. அந்தச் சரியை வச்சு என்ன செய்யிறது?

2022 மாண்டஸைப் பாருங்கோ. அது மாமல்லபுரத்தில் கரையேறியது, எங்களிட்ட வரேல்ல. ஆனால் அது இழுத்த குளிர் காத்தில வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் விறைச்சுச் செத்தன. பாதைக் கோட்டைப் பார்த்து "தப்பிட்டம்" எண்டு நாங்கள் எழுதிக்கொண்டிருக்கேக்க பட்டியில மாடு விழுந்துகொண்டிருந்தது. 2025 டிட்வா பெயர் வாங்கினதுதான், ஆனால் காத்தின் அளவில் அது சூறாவளிப் படிநிலையின் கீழ்ப்படியில் நிண்ட ஒண்டு. செத்தவர்கள் 600 க்கும் மேல். கொன்றது பெரும்பாலும் மழையும், மழையில் சரிந்த மலையும்.

இனி என் கதை. 2020 மார்கழி, புரெவி. நான் "வராது" கட்சி. முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் இடையில கடக்கும் எண்டு அறிவிச்ச பிறகும் நான் "வந்தாலும் பெரிசா ஒண்டும் இருக்காது" எண்டு எழுதிக்கொண்டு இருந்தன். டிசம்பர் 2 இரவு அது திரியாய், குச்சவெளிப் பக்கமாக ஏறியது. பயந்த அளவுக்குக் காத்து இல்லை. விடிய எழும்பி "நான் சொன்னன்தானே" எண்டு ஒரு பதிவு போட்டன். நிறையப் பேர் சிரிச்சார்கள், பகிர்ந்தார்கள்.

புரெவி தீவைக் கடந்து மன்னார் வளைகுடாவுக்குள்ள போய் அசையாமல் நிண்டது. நிண்ட இடத்தில இருந்து எங்களுக்கு மேல ஊத்தியது. யாழ்ப்பாணத்தில் தாழ்ந்த இடமெல்லாம் வெள்ளம். என் மாமி வீட்டில அரிசி மூட்டை, பிள்ளைகளின்ர கொப்பி, தையல் மெசின் எல்லாம் நிலத்தில. "நீதானே தம்பி ஒண்டுமில்லை எண்டு போட்டனி, அதான் நாங்கள் ஒண்டையும் மேல ஏத்தேல்ல" எண்டு சொன்னா. கோவமாகச் சொல்லேல்ல. அதுதான் எனக்கு இன்னும் தாங்கேலாமல் இருக்கு.

அதே கிழமை வடமராட்சியில கடலுக்குப் போற சித்தப்பா ஃபோன் எடுத்துக் கேட்டது வேற கேள்வி. "சூறாவளி வருதோ வரேல்லையோ, அது கிடக்கட்டும். போட்டை இப்ப மேல இழுக்கவோ, நாளைக்குக் காலமை இழுத்தாக் காணுமோ?" எனக்குப் பதில் தெரியேல்ல. மூண்டு நாளா மொடல் பார்த்த எனக்கு, அவருக்குத் தேவையான ஒரே ஒரு பதில் தெரியேல்ல. ஏனெண்டால் நான் அதைத் தேடவே இல்லை.

"அப்ப இதெல்லாம் படிச்ச ஆக்களிட்ட விட வேண்டியதுதானே, உங்களுக்கேன் இந்த வேலை?" எண்டு சிலர் கேட்கிறார்கள். அதை நான் ஏற்கமாட்டன். உத்தியோகபூர்வ அறிவித்தல் சிங்களத்தில் வந்து, ஆங்கிலத்தில் வந்து, தமிழில் வரேக்க நேரம் போயிருக்கும், சில வேளை வராமலே போகும். டிட்வா நேரமும் இந்தக் குறைபாடு பேசப்பட்டது. அந்த இடைவெளியைப் பல்கலைக்கழகத்தில் இருந்து தமிழில் எழுதுகிற ஒரு சிலரும், எங்களைப் போன்ற அரைகுறைகளும்தான் நிரப்புறம். அபாய எச்சரிக்கை மூண்டு மொழியிலும் ஒரே நிமிசத்தில் வெளிவர வேண்டும் என்பது சலுகை இல்லை, உரிமை. அதைத் தராமல் "வதந்தி பரப்பாதே" எண்டு எங்களுக்கு விரல் நீட்டுறவர்களுக்கு அந்தத் தகுதி இல்லை.

ஆனால் இடைவெளியை நிரப்புறம் எண்டு சொல்லிக்கொண்டு குப்பையால நிரப்பக்கூடாது.

வங்காள விரிகுடாவில் ஒரு தாழமுக்கம் உருவாகுமா எண்டு சொல்லுறது கஷ்டமான வேலை. கடல் சூடு போதும், கார்த்திகை மார்கழியில் அது பெரும்பாலும் 26.5 பாகைக்கு மேலதான் இருக்கும். ஆனால் மேல்வானக் காத்து ஒரு திசையிலும் கீழ்க் காத்து இன்னொரு திசையிலும் அடிச்சால் முகில் கோபுரம் சரிஞ்சு போகும். நாங்கள் மத்திய கோட்டுக்குக் கிட்ட இருக்கிறதால சுழற்சி இறுகவும் நேரம் எடுக்கும். அத்திலாந்திக்கில் மாதிரி விமானம் விட்டு உள்ளுக்க போய் அளக்கிற வழக்கம் இங்க இல்லை, செய்மதிப் படத்தை வச்சுத்தான் பெரும்பாலும் கணிக்கிறது. மையம் ஒண்டு உருவாகிறதுக்கு முதலே பாதை கீறுறது, பிள்ளை பிறக்க முதலே சோதனைப் பெறுபேறு சொல்லுற மாதிரி. அமெரிக்க மொடல் ஒரு நாளுக்கு நாலு தரம் ஓடும். நாலு தரமும் நாலு கதை சொல்லும். அதில எங்களுக்குப் பிடிச்ச கதையை மட்டும் ஸ்கிரீன்ஷொட் எடுத்துப் போடுறம். அதுக்குப் பெயர் அவதானிப்பு இல்லை.

1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்பை அடிச்ச சூறாவளியில் ஆயிரத்தை அண்டிய சனம் செத்தது. கிழக்கில் அந்தப் பரம்பரைக்குச் 'சூறாவளி' எண்டால் அதுதான். நாங்கள் வருசத்துக்கு மூண்டு தரம் அந்தச் சொல்லை எடுத்து வீசினால், நாலாவது தரம் உண்மையாக வரேக்க ஆரும் எழும்பமாட்டினம். மறுவளமா, "வராது" எண்டு வீரம் பேசுறவருக்கும் நட்டம் எதுவும் இல்லை. கடலுக்குப் போகாமல் நாலு நாள் இருந்தால் உழைப்புப் போறது சித்தப்பாவுக்கு. போய்த் திரும்பாட்டில் போறது அவற்ற உயிர். எங்களுக்குப் போறது ரெண்டு லைக்.

ஆகவே இந்தப் பருவத்துக்கு நான் எனக்குப் போட்டிருக்கிற விதிகளைச் சொல்லுறன், விரும்பினால் எடுங்கோ. ஐந்து நாளுக்கு அப்பால் உள்ள ஒரு தனிப் படத்தையும் பகிர்வதில்லை. வரும், வராது எண்டு எழுதுவதில்லை, பத்தில் எத்தனை பங்கு வாய்ப்பு எண்டு எழுதுறது. சூறாவளி எண்ட சொல்லுக்கு முதல் மழை எவ்வளவு, எந்த ஊருக்கு, எந்த இரவு எண்டு எழுதுறது. கடலுக்குப் போகவேண்டாம் எண்டு அறிவிச்ச பிறகு அதற்கு எதிராக ஒரு வரியும் எழுதுவதில்லை. கடைசியா, பிழைச்சதை அழிக்கிறதில்லை. போன வருசம் என்ன சொன்னன், என்ன நடந்தது எண்டு பக்கத்தில் பக்கத்தில் வச்சுப் போடுறது.

என்ர முதல் வரி இது: 2020 டிசம்பர் 3, காலை. சொன்னது: "நான் சொன்னன்தானே." நடந்தது: மாமி வீட்டில முழங்கால் அளவு தண்ணி.