தூண்டிற்காரனின் மறுநாள் வேலை

பௌதிகவியல் கற்பிக்கும் ஆசிரியன் ஒருவன் மீன்பிடியைப் பற்றி எழுதப் புகுவதைக் கண்டு நேயர்கள் புன்முறுவல் செய்யக்கூடும். கரும்பலகைக்கு முன்னால் நின்று காலங் கழிப்பவனுக்கு இதைப் பற்றிப் பேச என்ன உரிமை என்றும் கேட்கலாம். உரிமை ஒன்றுமில்லை, கடன் ஒன்று உண்டு. சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்தில் அட்டாளைச்சேனை மீனவர் ஒருவருக்கு நான் இழைத்த சிறு குற்றத்தின் கடன் அது. அவரிடம் கற்றவற்றைப் பத்துப் பேர் அறியச் சொன்னால் அதில் ஒரு பகுதியேனும் தீரும் என்று நம்புகிறேன்.

அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்தில், ஒலுவிலுக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடைப்பட்ட ஊர் அட்டாளைச்சேனை. கிழக்கே கடல், மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வரை நெல்வயல். வயல்களிலிருந்து வடியும் நீர் களியோடை போன்ற ஆறுகளின் வழியே கடலைத் தேடி வருகிறது. கோடையில் முகத்துவாரத்தை மணல் அடைத்துவிடும். மாரி மழை பொழிந்து வெள்ளம் பெருகியதும் மணல் உடைந்து ஆறும் கடலும் ஒன்றாகும். அவ்வேளையில் நன்னீரும் உவர்நீரும் கலந்து புரளும் இடத்தைத் தேடி வரும் மீன்களுள் மிகவும் மதிப்புப் பெற்றது கொடுவா.

அமெரிக்காவிலே 'பாஸ்' என்றொரு மீனைத் தூண்டிலிற் பிடிப்பது பெரிய விளையாட்டு. 1932ஆம் ஆண்டு ஜூன் 2ஆந் திகதி ஜோர்ஜியா மாநிலத்தில் ஜோர்ஜ் பெரி என்னும் இளைஞர் 22 இறாத்தல் 4 அவுன்ஸ் நிறையுள்ள ஒன்றைப் பிடித்தார். அந்த நிறையை எட்டிய இன்னொரு மீன் 2009இல் யப்பானின் பிவா ஏரியிலேதான் அகப்பட்டது. பெரியின் வீட்டார் அம்மீனைச் சமைத்து உண்டார்களாம். பஞ்ச காலம், வேறென்ன செய்வார்கள்? நமது கொடுவாவையும் ஆங்கிலத்தில் 'ஆசியக் கடல் பாஸ்' என்றே அழைக்கிறார்கள். இரண்டும் வெவ்வேறு குடும்பத்து மீன்களாயினும் குணத்தில் ஒற்றுமை உண்டு. இரண்டும் மறைந்திருந்து பாயும் இனம்.

கொடுவாவின் வரலாறு விந்தையானது. முட்டையிலிருந்து வெளிவருவது முகத்துவாரத்தை அண்டிய உவர்நீரிலே. வளர்வது களப்பிலும் ஆற்றிலும். இனம் பெருக்க மீண்டும் செல்வது முகத்துவாரத்துக்கு. பெரும்பாலானவை முதலில் ஆணாக இருந்து, ஏறக்குறைய 6 முதல் 8 வயதில் பெண்ணாக மாறுகின்றன. ஆகையால் மிகப் பெரிய கொடுவா அநேகமாகப் பெண்ணாகவே இருக்கும். அவுஸ்திரேலியாவின் குயீன்ஸ்லாந்து மாநிலத்தில் 120 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட கொடுவாவைப் பிடித்தால் நீரிலே திரும்ப விட்டுவிட வேண்டுமென்று சட்டம் வைத்திருப்பது, இலட்சக் கணக்கில் முட்டையிடும் அந்தத் தாய் மீன்களைக் காப்பதற்காகவே. 1790இல் இம்மீனை விவரித்த ஜெர்மானிய அறிஞர் புளொக், 'கல்காரிபெர்' என்று இதற்குப் பெயரிட்டார். குதிமுள்ளைத் தாங்கியது என்பது அந்த இலத்தீன் சொல்லின் பொருள். செவுள் மூடியின் ஓரம் கத்தி போன்றது. கையையும் அறுக்கும், கயிற்றையும் அறுக்கும்.

என் மாணவன் ஒருவனின் வாப்பா இம்மீனைத் தூண்டிலிற் பிடிப்பதிலே கைதேர்ந்தவர். அறுபதைக் கடந்த அவரை ஊரார் அனைவரும் அழைப்பது போல நானும் காக்கா என்றே அழைப்பேன். அவருடைய சிறு தோணிக்கு முன்னர் இயந்திரம் இருந்தது. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் ஏறியபோது அதைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டார். இப்போது சவளும் கம்புமே அவருக்குத் துணை.

அவருடைய ஆயுதம் கைத்தூண்டில். சட்டமிட்ட மரத்துண்டிலே சுற்றிய நீண்ட தங்கூசி. அதன் முனையில் அதைவிடத் தடித்த தங்கூசி ஒரு பாகம். கொடுவாவின் செவுளும் சொரசொரப்பான வாயும் உராய்வது அந்தத் தடித்த பகுதியிலேதான். பிறகு முள். முள்ளின் கூர்மையை அவர் சோதிப்பது பெருவிரல் நகத்திலே. முனையை நகத்தில் வைத்து மெல்ல இழுத்தால் அது வழுக்கக் கூடாது, பிடித்துக்கொள்ள வேண்டும். வழுக்கினால் அரத்தை எடுத்துவிடுவார். இரைக்கு மணலைக் குஞ்சு அல்லது உயிருள்ள இறால். இறாலின் தலைக்கொம்புக்குக் கீழே கருமையாகத் தெரியும் இடத்தைத் தவிர்த்து முள்ளை ஏற்றினால் அது நெடுநேரம் உயிரோடு நீந்தும். கருமையிற் பட்டால் உடனே செத்துவிடும்.

தோணியை நிறுத்துவதிலே அவர் காட்டும் கவனத்தைக் கண்டு நான் வியந்திருக்கிறேன். கொடுவா ஓட்டத்தை எதிர்த்து வீணாக நீந்துவதில்லை. விழுந்து கிடக்கும் மரம், பாலத்தின் தூண், கண்ணாப் பற்றையின் வேர் இவற்றின் மறைவிலே, நீர் அடங்கி நிற்கும் இடத்தில், ஓட்டத்தை நோக்கி முகம் வைத்துக் காத்திருக்கும். அடித்து வரப்படும் சிறுமீனைப் பாய்ந்து விழுங்கும். ஆகவே தோணி அந்த மறைவுக்கு மேல்நீரில், சற்றே பக்கவாட்டில் நிற்க வேண்டும். இரையை ஓட்டமே கொண்டுபோய் மீனின் வாசலில் விடும். மறைவுக்கு மேலேயே தோணியை விட்டால் மீன் ஓடிவிடும். கீழ்நீரில் நின்றாலோ, இரை மீனிடம் செல்லாமல் நம்மிடமே திரும்பி வரும்.

நங்கூரத்தைக் காக்கா எறிவதில்லை. குழந்தையைத் தொட்டிலில் இடுவது போலக் கயிற்றை விட்டு இறக்குவார். நான் ஒருமுறை சவளைத் தோணியின் விளிம்பில் தட்டிவிட்டேன்.

"மெதுவா மாஸ்டர், அவனுக்குக் கேட்டிரும்" என்றார்.

காக்கா சொன்னது பௌதிகவியலுக்கு முற்றும் பொருந்தும். ஒலி காற்றிலே செக்கனுக்குச் சுமார் 340 மீற்றர் செல்லும். நீரிலே சுமார் 1,500 மீற்றர். மீனுக்கு உட்செவியும் உண்டு; உடலின் இரு பக்கங்களிலும் அதிர்வை உணரும் கோடும் உண்டு. நாம் தோணியிலே தட்டுவது அதன் வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு ஒப்பாகும்.

நங்கூரக் கயிற்றை முன் அணியத்திலேதான் கட்ட வேண்டும். பின்புறத்தில் கட்டினால் ஓட்டம் தாழ்ந்த விளிம்பின் மேலேறித் தோணிக்குள் நீர் புகுந்துவிடும். கயிற்றின் நீளமும் முக்கியம். 2 மீற்றர் ஆழத்தில் அவர் 10 மீற்றர் கயிறு விடுவார். குட்டைக் கயிறு நங்கூரத்தை மேல்நோக்கி இழுத்துப் பிடுங்கிவிடும். நீண்ட கயிறு அதைக் கிடையாக இழுத்து நிலத்திலே பதிய வைக்கும். காற்று ஓட்டத்துக்குக் குறுக்கே வீசினால் தோணி ஊஞ்சலாடும். அப்போது பின்புறத்திலே ஒரு கம்பை ஊன்றிக் கட்டுவார். நிலவு நாளில், தம் நிழல் மீன் கிடக்கும் பக்கம் விழாதவாறும் பார்த்துக்கொள்வார்.

இத்தனையும் எதற்கு? கொடுவா இரையைக் கவ்விய மறுகணமே தன் மறைவுக்குள் திரும்பப் பாயும். வேரைச் சுற்றிவிட்டால் எல்லாம் முடிந்தது. ஆழ்கடல் மீனுக்குக் கயிற்றை விட்டுப் பிடிப்பது போல இதற்கு விட முடியாது. முதல் சில நொடிகளில் முழு வலிமையோடு இழுத்து அதைத் திறந்த நீருக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். ஆகவே கயிற்றில் ஒரு குறை இருந்தால் அது வெளிப்படுவதும் அந்தச் சில நொடிகளிலேதான்.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன். முகத்துவாரம் திறந்திருந்த நாட்களில், ஒரு வாரத்துக்குக் காக்காவின் கைத்தூண்டிலை இரவல் வாங்கியிருந்தேன். இரண்டு மாலை கரையிலிருந்து வீசினேன், ஒன்றும் அகப்படவில்லை. தூண்டிலை அப்படியே கொண்டுவந்து வீட்டு விறாந்தையின் ஆணியிலே மாட்டினேன். உப்பு நீர் அதிலேயே காய்ந்தது. ஐந்து நாள் வெயில் அடித்தது. திருப்பிக் கொடுக்கும்போது பரீட்சைத் தாள்களை அடுக்குவது போல அழகாகச் சுற்றிக் கொடுத்தேன். ஆசிரியர் தந்த பொருள் என்று காக்கா அதைச் சோதிக்கவில்லை.

மூன்றாம் நாள் இரவு அவர் என்னையும் தோணியில் ஏற்றிக்கொண்டார். களியோடையின் வளைவொன்றில், சாய்ந்து கிடந்த மரத்துக்கு மேல்நீரில் நின்றோம். நெடுநேரம் ஒன்றுமில்லை. பின்னர் அவர் கையிலிருந்த தங்கூசி ஒருமுறை துடித்து, கல்லிலே கட்டியது போல இறுகியது. காக்கா எழுந்து நின்று இழுத்தார். நிலவொளியிலே மீன் நீரைப் பிளந்துகொண்டு மேலே எழுந்தது. அதன் கண் நெருப்புத் துண்டைப் போலச் சிவந்து மின்னியதை நான் கண்டேன். 10 கிலோவுக்குக் குறையாது என்று எனக்குத் தோன்றிற்று. அடுத்த கணம் 'பட்' என்றொரு சத்தம். காக்கா பின்னாற் சாய்ந்து பலகையிலே உட்கார்ந்தார்.

அவர் ஒன்றும் பேசவில்லை. அறுந்த முனையை இழுத்தெடுத்து விரல்களுக்கிடையே உருவினார். பிறகு உதட்டிலே வைத்துத் தடவிப் பார்த்தார். அறுந்தது தடித்த பகுதியன்று. அதற்கு மேலே, ஆணியிலே மடிந்து தொங்கிய இடம். நான் அதைத் தொட்டுப் பார்த்தபோது மணற்பொடி போன்ற சொரசொரப்பு விரலுக்குத் தெரிந்தது. எனக்கு நாக்கு எழவில்லை.

"போனது போகட்டும் மாஸ்டர், நஸீபு இல்ல" என்றார் அவர்.

சுபஹ் தொழுகைக்கு முன் கரை சேர்ந்தோம். அன்று அவர் கொண்டு சென்றது கையளவு மீன்கள் நான்கு.

அடுத்த வாரம் அவருடைய மகன் மாலைப் பிரத்தியேக வகுப்புக்குப் போகவில்லை என்று அறிந்தேன். விசாரித்தபோது, "இந்த மாசம் காசு சரிவரல்ல சேர்" என்றான். அந்த இரவைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. இழுவை என்றால் என்ன, ஒரு கயிறு எந்த இடத்தில் அறும் என்பதை ஆண்டுதோறும் கணக்குப் போட்டுக் காட்டுகிறவன் நான். அந்தக் கணக்கின் விடையை என் மாணவன் தலையிலே சுமத்திவிட்டேன். அன்று முதல் பரீட்சை வரை சனிக்கிழமை மாலைகளில் அவனுக்கு என் வீட்டிலேயே பாடம் நடந்தது. அவனோடு வேறு மூன்று பேரும் வந்தார்கள்.

பின்னர் ஒருநாள் காக்காவிடமே சென்று குற்றத்தை ஒப்புக்கொண்டேன். அவர் சிரித்துவிட்டு, தூண்டிலை எப்படிக் கழுவுவது என்று கற்றுத்தந்தார். அதைத்தான் அவர் 'மறுநாள் வேலை' என்கிறார்.

கரை சேர்ந்ததும், உப்பு காய்வதற்கு முன், ஒரு வாளி நன்னீரில் தங்கூசியையும் முள்ளையும் அலச வேண்டும். நிழலிலே, தடித்த உருளைக் கட்டையில் தளர்வாகச் சுற்றி உலர்த்த வேண்டும். ஆணியிலும் கம்பியிலும் மாட்டக் கூடாது. நைலோனுக்கு வெயில் பகை. பார்வைக்குப் புதிது போலவே இருந்து உள்ளே நலிந்துவிடும். நனைந்த துணிக்குள் விரலை வைத்துக் கயிற்றை உருவினால் கீறல் தட்டுப்படும். தட்டுப்பட்ட இடத்துக்குக் கீழே உள்ளதைத் தயங்காமல் வெட்டிவிட வேண்டும். முடிச்சை இறுக்குவதற்கு முன் எச்சிலால் நனைக்க வேண்டும். உலர்ந்த முடிச்சு இறுகும்போது உராய்வு வெப்பத்தால் நைலோன் நலியும். முள்ளின் கண்ணிலே துரு கண்டால் முள்ளையே மாற்ற வேண்டும். துருவேறிய கண் கயிற்றை அரம் போல் அறுக்கும். இராட்டினம் உள்ள தூண்டிற்கோல் வைத்திருப்போர் இராட்டினத்தின் உப்பைக் கழுவி, உலர்ந்த பின் எண்ணெய் இட வேண்டும். தோணி இயந்திரத்தினுள்ளும் நன்னீரை ஓடவிட வேண்டும்.

இளைஞர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஈயக்குண்டைப் பல்லால் கடித்துக் கயிற்றிலே பொருத்தும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். ஈயம் நஞ்சு. குறட்டால் நசுக்குங்கள், பிறகு கையைக் கழுவிவிட்டுச் சோற்றிலே கை வையுங்கள்.

வெட்டிய தங்கூசித் துண்டுகளை ஆற்றிலே எறியவும் கூடாது. தங்கூசியாற் பின்னிய வலையை நமது நாட்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. அது எளிதில் உக்காது. கைவிடப்பட்ட பின்னும் நீருக்குள்ளே கிடந்து உயிர்களைச் சிக்கவைத்துக் கொண்டேயிருக்கும். ஒரு பாகம் நூல் சிறிதுதான். ஆனால் கொக்கின் காலைச் சுற்ற அது போதும். அன்றிரவு தப்பிய கொடுவாவின் வாயிலும் என் கவனக்குறைவின் முள்ளும் ஒரு பாகத்துக்கு மேற்பட்ட தங்கூசியும் தொங்கின. தாய் மீனாகத்தான் அது இருந்திருக்கும். அதை நினைக்கும் போதெல்லாம் மனம் கூசுகிறது.

அதன் பிறகு காக்காவோடு பலமுறை தோணியில் சென்றுவிட்டேன். திரும்பி வந்ததும் தூண்டில்களை வாங்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போவது என் வேலை. நான் அலசி நிழலிலே போட்ட தங்கூசியை அவர் மாலையில் எடுத்து, ஒன்றும் சொல்லாமல் உதட்டிலே வைத்துத் தடவிப் பார்ப்பார். என் மாணவர்களின் விடைத்தாள்களைத் திருத்தும்போது அவர்கள் எப்படிக் காத்திருப்பார்களோ, அப்படி நானும் பக்கத்திலே நின்று காத்திருப்பேன்.