முதல் ஊழியர்



தனியொருவராய்த் தொழில் நடத்துபவர் முதல் ஊழியரை அமர்த்தத் தயங்குவது இயல்பே. வியாபாரம் குன்றிய மாதத்திலும் ஊதியம் கொடுத்தாக வேண்டுமல்லவா? இத்தயக்கத்தைப் போக்க 2015 ஜூனில் பிரெஞ்சு அரசு ஒரு திட்டம் வகுத்தது. முந்தைய 12 மாதங்களில் ஊழியர் எவரும் இல்லாத நிறுவனம் ஒருவரை முழுநேரப் பணிக்கு அமர்த்தினால், மூன்று மாதத்திற்கு 500 யூரோ வீதம் இரண்டு ஆண்டுகளில் 4,000 யூரோ உதவி கிடைத்தது. இன்று அத்திட்டம் நடைமுறையில் இல்லை.

ஆயினும் அதில் நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. உதவித்தொகை முன்பணமாய் வரவில்லை. ஒவ்வொரு காலாண்டும் முடிந்த பின்னரே வந்தது. ஆகவே ஊதியத்தை முதலாளியே முதலில் கொடுக்க வேண்டியிருந்தது. அரசு சுமையைப் பகிர்ந்துகொண்டது, கடமையை ஏற்றுக்கொள்ளவில்லை.

தொழிலாளி சம்மதித்துவிட்டார் என்பதாலேயே ஊதியம் நீதியானதாகிவிடாது. சிக்கனமாய் வாழ்பவரைத் தாங்க அது போதுமானதாயிருத்தல் வேண்டும் என 1891இல் பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடலில் போதித்தார். கடையோ பட்டறையோ நடத்தும் நம் குடும்பத்தார், உதவிக்கு ஓர் ஆளைச் சேர்க்குமுன் அவருடைய சில மாத ஊதியத்தைத் தனியே எடுத்து வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். அவர் வீட்டு அடுப்பும் நம்மை நம்பியே எரியப் போகிறதன்றோ?